அமுங்கிய குரலை மேலே கொண்டுவர: டீமக்ஸுடன் மூன்று வருடம்

கோயில் மண்டபக் கச்சேரிகளைப் பதிவு செய்வது என் பொழுதுபோக்கு. ஒரு கையடக்க ரெக்கார்டர், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். அதை எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. தூண் எங்கே மறைக்காதோ, முன்வரிசை மாமிகள் எங்கே இடம் விடுகிறார்களோ, அங்கே. மிருதங்கத்தின் பக்கம் போய்விட்டால் தீர்ந்தது. பாடகர் பக்கத்துத் தெருவிலிருந்து பாடுவது போல இருக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் அல்டிமேட் வோகல் ரிமூவர் என்ற இலவச மென்பொருளுக்குள், பாட்டிலுள்ள ஒலிகளைப் பிரித்தெடுக்கும் டீமக்ஸ் என்ற ஏஐ மாடலை மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பதிவைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். நான்கும் மேற்கத்திய பாப் பாட்டுக்குப் போட்ட பெட்டிகள். நம் மிருதங்கம் அதில் போனால் ஒரே வாத்தியம் மூன்று வீட்டில் குடியிருக்கும்: தொப்பி எனும் இடப்பக்கத்தின் கும்கி நாதம் பேஸில், வலந்தலை எனும் வலப்பக்கத்தின் சாப்பு அடி டிரம்ஸில், ஷட்ஜத்தில் நிற்கும் ரீங்காரம் குரலோடு ஒட்டிக்கொண்டு. வயலின் இன்னும் மோசம். பாடகரின் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, நிழல் போலத் தொடர்வதால் அதில் பாதியைக் குரல் என்றே எடுத்துக்கொள்ளும்.

இது புரியாமல் ஆரம்பத்தில் டிரம்ஸையும் பேஸையும் தாராளமாகக் குறைத்துவிட்டேன். மிருதங்கம் வாசித்தவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு பிரமாதமா கேக்குது சார். என் தொப்பியத்தான் எங்கயோ கழட்டி வெச்சுட்டீங்க."

அதற்கப்புறம் எதையும் குறைப்பதில்லை. அசல் பதிவை அப்படியே வைத்து, பிரித்தெடுத்த குரலை 6 டெசிபல் தணித்து அதன் மேல் சேர்க்கிறேன். கூட்டிப் பார்த்தால் குரல் சுமார் மூன்றரை டெசிபல் ஏறும். பிரித்ததில் வரும் தண்ணீர்ச் சத்தமெல்லாம் அசலுக்கு அடியில் மறைந்துவிடும். ஒரே நிபந்தனை, இரண்டு டிராக்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒருமுறை நடுவில் எம்பி3 ஆக்கித் தொலைத்தேன். தொடக்கத்தில் துளி மௌனம் சேர்ந்து, குரல் குழாய்க்குள் பாடியது. காரணம் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போயிற்று. இப்போது முழுக்க வேவ் கோப்புதான்.

மீதி வேலை ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், கையால். பாடகர் வயலின் பக்கம் திரும்பி ஒரு "பேஷ்" போடுவார். அடுத்த சங்கதி மைக்கை விட்டு விலகியே வரும். அந்த இடங்களில் குரல் டிராக்கின் வால்யூம் கோட்டில் புள்ளி வைத்துத் தூக்குகிறேன். பன்னிரண்டு நிமிடக் கிருதிக்கு நாற்பது புள்ளி சாதாரணம். சத்த ஏற்ற இறக்கத்தைத் தானாகச் சமன்செய்யும் கம்ப்ரஸரிடம் விட்டால் மூச்சிழுப்பையும் சேர்த்துத் தூக்குகிறது. பாட்டு நின்று தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் குரல் டிராக்கை மியூட் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒட்டிக்கொண்ட ரீங்காரம் காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவிலேயே வெடித்த குரலுக்கு இந்த வைத்தியம் உதவாது. எதிரொலி அதிகமான மண்டபத்தில் மூன்றரையைத் தாண்டினால் குரல் தனியாகக் கிளம்பி வந்து முன்னால் நிற்கும், மண்டபம் பின்தங்கிவிடும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் மடிக்கணினியில் பிரிப்பது மெதுவாகத்தான் நடக்கிறது. இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். புள்ளி வைப்பதெல்லாம் காலையில், காபிக்கு அப்புறம்.