மட்டக்களப்பு உப்புக்காத்துக்கு எந்த மடக்குக் கத்தி நிண்டு பிடிக்கும், எது கைய விடும்

முதல்லயே சொல்லிடுறன். இப்ப பஜார் நடைபாதையிலயும் திருவிழாக் கடைகள்லயும் பேஸ்புக் பக்கங்கள்லயும் விக்கிற அந்த கறுப்புப் பூச்சுப் பூசின மடக்குக் கத்தி, பிடியில கழுகுப் படமோ மண்டையோடோ இரிக்கும், அலகுல பெரிய எழுத்துல 440 ஸ்டெயின்லெஸ் எண்டு அடிச்சிரிக்கும், அத வாங்காதீங்க. எங்கட ஊருக்கு அது சரிவராது. ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, கல்லடியில இருந்து களுவாஞ்சிகுடி மட்டும் பாத்தீங்கெண்டா நடுவுல ஒடுங்கின ஒரு நிலத்துலதான் நாம இரிக்கம், வீட்டு யன்னல் கம்பியே ரெண்டு மழைக்குள்ள துரு புடிக்கிற இடத்துல இந்தக் கத்தி எப்படி நிக்கும்.

இத நான் ஒரு கத்திய மட்டும் வச்சுச் சொல்லல்ல. அப்பாட காலத்துல இருந்தே எங்கட வீட்ட ஆக்கள் கத்தி தீட்டக் கொண்டு வருவாங்க, வீச்சுவலைக்காரர், படுவான்கரையில வயல் செய்யிறவங்க, கதிர்காமத்துக்கு நடக்கப் போற பொடியனுகள் எண்டு எல்லாரும். முந்தி வந்ததெல்லாம் கம்மாலையில அடிச்ச கத்தியும் பழைய வில்லுக்கத்தியும்தான். இப்ப வாறதுல பாதிக்கு மேல இந்த மடக்குக் கத்தி, அதுவும் வாங்கி ஒரு மாசம் ரெண்டு மாசத்துல மனம் விட்டுப்போய்த்தான் கொண்டு வாறாங்க. "அண்ணன் இது வெட்டுதே இல்ல", "தம்பி இது ஆடுது", "இத விரிக்கவே ஏலாம இரிக்கு" இந்த மூண்டு முறைப்பாடும்தான் மாறி மாறி வரும். மூண்டுக்கும் மூண்டு காரணம் இரிக்கு, அத தெரிஞ்சாத்தான் அடுத்த தரம் காசு வீணாகாது.

வெட்டுதில்ல எண்டா அது இரும்புட குணம். 440 எண்டு போட்டிரிக்கிறத அப்படியே நம்பேலாது, ஏனெண்டா 440 எண்டுறது ஒரு இரும்பு இல்ல, 440ஏ, 440பி, 440சி எண்டு மூண்டு சாதி இரிக்கு, கார்பன் கூடக்கூட கூர் கூட நேரம் நிக்கும், அதுல 440சி நல்ல இரும்புதான். வெறும் 440 எண்டு மட்டும் அடிச்சு விக்கிறவன் எந்த எழுத்தெண்டு சொல்லவே மாட்டான். மலிவுக் கத்தியள்ல கூடுதலா வாறது கார்பன் குறைஞ்ச மெது இரும்பு, அதுவும் சூடாக்கி ஆத்துற வேலைய ஒழுங்காச் செய்யாம வாறது. நல்லாத் தீட்டிக் குடுத்தா அண்டைக்குப் பேப்பர் அறுக்கும், அடுத்த நாள் நைலோன் கயிறு நாலஞ்சு துண்டு அறுத்தா முனை மடிஞ்சு போகும். மடிஞ்சது கண்ணுக்குத் தெரியாது, நகத்துல மெதுவா வச்சுப் பாத்தா வழுக்கிட்டுப் போகும், கூரான கத்தி எண்டா நகத்துல பிடிச்சு நிக்கும். இரும்பு மெதுவெண்டா நான் என்ன தீட்டினாலும் அவ்வளவுதான், கொண்டு வாற ஆக்களிட்ட இத முகத்துக்கு நேரே சொல்லுறது எனக்கும் கஷ்டமாத்தான் இரிக்கு, ஏனெண்டா அவங்க உழைச்ச காசு அது.

ஆடுறதுதான் ஆபத்தானது. இந்தக் கத்தியள்ல பெரும்பாலும் லைனர் லொக் எண்டு சொல்லுற பூட்டு இரிக்கும். பிடிக்குள்ள ஒரு மெல்லிய தகடு, கத்திய விரிச்ச உடன அது உள்பக்கமா வளைஞ்சு வந்து அலகுட அடிப்பக்கத்துல முட்டிக்கொண்டு நிக்கும், அதால அலகு மடங்காது. நல்ல கத்தியில அந்தத் தகடு தடிப்பா இரிக்கும், முட்டுற இடமும் சரியா ராவியிரிக்கும். மலிவுல தகடு சும்மா தகரம் மாதிரி, ஓரத்துல ஒட்டியும் ஒட்டாமலும் நிக்கும், கொஞ்ச நாள் பாவிச்ச பிறகு தேஞ்சு ஒரு பக்கமா விலகிடும். மறுகா ஒரு நாள் கொஞ்சம் பாரமா அழுத்தின உடன பூட்டு வழுக்கும், அலகு விரலுக்கு மேலதான் மடங்கும். எங்கட மாமிட மகன் வாழைச்சேனைப் பக்கம் போட்டுல நிண்டு சிக்கின கயித்த அறுக்கேக்க அப்படித்தான் ஆனது, சுட்டுவிரல்ல தையல் போட வேண்டி வந்தது, அந்த விரல் இப்பவும் முழுசா மடங்குதில்ல. கத்திய வித்த பக்கத்துக்கு போன் அடிச்சா வித்த சாமான் திருப்பி எடுக்க மாட்டமாம். பெயர் தெரியாத கத்தி, பெட்டியில எங்க செஞ்சதெண்டு கூட ஒழுங்கா இல்ல, ஆரப் புடிச்சுக் கேக்கிற?

அதால கடையில வச்சே பாருங்க, கூச்சப்படாதீங்க. கத்திய விரிச்சு, விரல் ஒண்டும் அலகு மடங்குற பாதையில இல்லாம பிடிய உள்ளங்கையால மட்டும் புடிச்சு, அலகுட முதுக மேசை விளிம்புல வச்சு மெதுவா அழுத்திப் பாருங்க. பூட்டு அசைஞ்சா வைச்சிட்டு வாங்க. மறுகா அலக ரெண்டு விரலால புடிச்சு இடம் வலம் ஆட்டிப் பாருங்க. ஒள்ளுப்பம் ஆட்டம் எண்டா அச்சு ஸ்குரூவ இறுக்கினாச் சரியாகும், அது நட்சத்திரத் தலை ஸ்குரூ, வீட்டுல இரிக்கிற திருப்புளி போகாது, போன் திருத்துற கடையில அந்தச் சின்ன நட்சத்திர திருப்புளி இரிக்கும், கேட்டா ரெண்டு நிமிசத்துல இறுக்கித் தருவாங்க, ஸ்குரூ மரையில ஒரு துளி நகப்பூச்சு தடவிட்டு இறுக்கினா கெதியில கழராது. ரிவெட் அடிச்ச கத்தி ஆடினா அதுக்கு வழியில்ல. மேல கீழ ஆட்டம் எண்டா அது பூட்டுட பிழை, ஸ்குரூவால சரிவராது.

துரு விசயத்தக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏனெண்டா எங்கட ஆக்கள் ஸ்டெயின்லெஸ் எண்டா துருவே புடிக்காதெண்டு நினைக்கிறாங்க. இரும்புல குரோமியம் ஒரு பத்தரை வீதத்துக்கு மேல இரிந்தா மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படை உண்டாகும், அதுதான் துருவத் தடுக்கிற. உப்புல இரிக்கிற குளோரைட்டு அந்தப் படைய ஓட்டை போடும். திறந்த இடத்துல காத்துப் பட்டா படை திரும்ப வளரும், ஆனா மடக்குக் கத்தியில அலகுக்கும் பிடிக்கும் நடுவுல இரிக்கிற இடுக்குல உப்புத் தண்ணி தங்கிட்டா அங்க காத்துப் போகாது, படை வளராது, உள்ளுக்குள்ளயே அரிக்கத் தொடங்கிடும். வெளியில அலகு பளபளண்டு இரிக்கும், விரிச்சா கறகறண்டு சத்தம் வரும், கழட்டிப் பாத்தா உள்ள செந்துரு. விரிக்கவே ஏலாம இரிக்கு எண்டு கொண்டு வாறதெல்லாம் இந்தக் கேஸ்தான். அதோட எங்கட கடற்கரை மணல் ஒரு சிட்டிகை அந்த இடுக்குக்குள்ள போனாப் போதும், கத்தி இறுகிடும்.

இதுல இன்னொரு வேதனை, மலிவெண்டு மட்டும் இல்ல, கூடக் காசு குடுத்தவங்களும் ஏமாந்து நிக்கிறாங்க. டி2 எண்டொரு இரும்பு இப்ப ஒன்லைன்ல நல்லா ஓடுது, சீனாவுல இருந்து வாற நடுத்தர விலைக் கத்தியள்ல கண்டிருப்பீங்க. கூர் நிக்கிறதுல பொய் இல்ல, நல்லா நிக்கும். அதுல கார்பன் ஒண்டரை வீதம் வரும், குரோமியம் பன்னிரண்டு வீதம் வரும், கணக்குப் பாத்தா துரு புடிக்கக் கூடாதுதானே எண்டு கேப்பீங்க. ஆனா அந்தக் குரோமியத்துல பெரிய பங்கு கார்பனோட சேந்து கடின மணியா மாறிடும், துருவத் தடுக்க மிச்சம் இரிக்கிறது குறைவு. அம்பாறை நகரத்துல, மகாஓயாப் பக்கம், உள்நாட்டுல இரிக்கிறவங்களுக்கு அது நல்ல கத்தி. பொத்துவில், அறுகம்பே, பாசிக்குடா, கடற்கரை ஓரம் இரிக்கிறவங்களுக்கு ரெண்டு நாள் துடைக்காம விட்டா கறுப்புப் புள்ளி விழும், பிறகு புள்ளி குழியாகும். தீட்டுறதும் லேசில்ல, ஹார்ட்வெயார் கடையில வாங்குற சாதாரண ரெண்டு பக்கக் கல்லுல வச்சு உரஞ்சினா கை உளையும். கடலோரத்துக்கு அதே மாதிரி விலையில கேட்டு வாங்கிறதெண்டா 14சி28என் எண்டு அலகுல போட்ட கத்தியக் கேளுங்க, சுவீடன் இரும்பு, டி2 அளவு கூர் நிக்காது ஆனா துருவுக்கு நல்லாத் தாங்கும், தீட்டுறதும் சுகம்.

டமஸ்கஸ் எண்டு அலை அலையா வரி போட்டு விக்கிறதும் இரிக்கு. உண்மையான டமஸ்கஸ் எண்டா ரெண்டு இரும்பப் படை படையாச் சேத்து அடிச்சது, வரி உள்ளயும் இரிக்கும். மலிவு விலைக்கு வாறது கூடுதலா சும்மா மேல்பூச்சு, ரெண்டு தரம் கல்லுல வச்சா வரி அழிஞ்சிடும்.

இனி நல்லதச் சொல்லுறன். சுவிஸ் சிவப்புக் கத்தி, விக்டோரினொக்ஸ். எங்கட பக்கத்து வீடுகள்ல பாதிக்கு சுவிஸ்ல ஆக்கள் இரிக்கிறாங்கதானே, லீவுக்கு வாறவங்களிட்ட வேற சாமான் கேக்காம இதக் கேளுங்க, ஆனா கட்டாயம் பெரிய பெட்டிக்குள்ள போட்டு அனுப்பச் சொல்லணும், கையில கொண்டு வாற பையில இரிந்தா ஏர்போட்டுல எடுத்துடுவாங்க. 1897ல பதிஞ்ச வடிவம், பெருசா மாத்தாம இண்டைக்கும் செய்யிறாங்க. இரும்பு பெரிய கடினம் இல்ல, அதால கூர் கன நாள் நிக்காது, ஆனா துரு புடிக்கிறது சரியான குறைவு, கல்லுல அஞ்சு நிமிசம் வச்சாத் திரும்பக் கூராகிடும், அவசரத்துக்குத் தேத்தண்ணிக் கோப்பைட அடிவட்டத்துல பூச்சு இல்லாத சொரசொரப்பு இரிக்கும், அதுல வச்சு நாலு இழுவை இழுத்தாலும் போதும். ஒரு குறை, வழமையான சின்னக் கத்தியள்ல பூட்டு இல்ல, ஸ்பிரிங்தான் புடிச்சு நிக்கும், அதால குத்துற வேலைக்கு எடுக்கக் கூடாது, மாங்காய் சீவ, பார்சல் பிரிக்க, சொப்பிங் பேக் முடிச்சு அறுக்கத் தோதானது. பஜார்ல அதே சிவப்புல அதே மாதிரிச் சிலுவை போட்டுப் பதினொரு ஆயுதம் எண்டு விக்கிறது வேற சாமான், அதுல கத்தரிக்கோல் ஸ்பிரிங் கெதியா முறியும், டின் வெட்டுறது மீன் டின்னுல வச்ச உடன வளையும்.

ஒபினெல் எண்டு பிரான்சுல செய்யிற மரப்பிடிக் கத்தி ஒண்டும் இரிக்கு, 1890ல இருந்து செய்யிறாங்க, 1955ல ஒரு வளையப் பூட்டு சேத்தாங்க, கழுத்துல இரிக்கிற வளையத்தத் திருப்பினா அலகு மடங்காது. என்ட மனசுக்குப் புடிச்ச கத்தி இதுதான், எட்டாம் நம்பர், அலகு எட்டரைச் சென்ரிமீட்டர், கொய்யா, அன்னமுன்னா வெட்டேக்க கையில பாரமே தெரியாது. ஆனா மரம் தண்ணி குடிச்சா ஊதும், ஊதினா அலகு இறுகி விரிக்கேலாமப் போகும், மாரி மழைக்குள்ள தோணியில கொண்டு போற கத்தி இது இல்ல. கார்பன், இனொக்ஸ் (ஸ்டெயின்லெஸ்தான்) எண்டு ரெண்டு விதம் வரும், எங்கட ஊருக்கு இனொக்ஸ் எண்டு எழுதினதத்தான் எடுக்கணும்.

தோணிக்காரருக்கு நான் நேரா ஒண்டு சொல்லுறன், உங்களுக்கு மடக்குக் கத்தியே வேணாம். எவ்வளவு நல்ல கத்தியெண்டாலும் அந்த இடுக்கு இடுக்குத்தான், உப்புத் தண்ணி போகும். கம்மாலையில லொறி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச சின்னக் கத்தி ஒண்டு, உறையோட, அது வேலை செய்யும். துரு புடிக்கும், ஓம், ஆனா துரு கண்ணுக்கு முன்னால இரிக்கும், துடைச்சிடலாம், கூரும் நல்லா நிக்கும், பிடி உடைஞ்சா அவரே மாத்தித் தருவார். அடிச்ச ஆள் ஊருக்குள்ள இரிக்கிறது பெரிய விசயம்.

மடக்குக் கத்திதான் வேணும் எண்டு வச்சிரிக்கிறவங்க வேலை முடிஞ்ச உடன நல்ல தண்ணியில விரிச்சுப் புடிச்சுக் கழுவுங்க, கடற்கரைப் பக்கம் சில கிணறு உவர், அந்தத் தண்ணி வேணாம், குழாய்த் தண்ணியில கழுவி விரிச்சபடியே காய விடுங்க, வெயில்ல வச்சாலும் பிழையில்ல. அச்சுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீங்க, அது நாள்பட்டாப் பிசினாகி மணலப் புடிச்சு வைக்கும், தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். பழம் வெட்டுற கத்தியெண்டா அலகுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் மெல்லிசாத் துடைச்சு விடலாம், தினம் பாவிக்கிறதால அது பிசினாகாது. தெருவுல சாணை மெசின்ல குடுத்துத் தீட்டுறதெண்டா பக்கத்துல நிண்டு பாருங்க, அடிக்கடி தண்ணியில தோய்க்காம அழுத்தினா அலகுட ஓரம் நீலமாகும், நீலம் பட்ட இடத்துல சூட்டுக்கு இரும்பு மெதுவாகிட்டெண்டு அர்த்தம், அந்த இடம் பிறகு கூர் புடிக்காது, அந்த நீலம் போகும் வரைக்கும் உரஞ்சி எடுத்தாத்தான் உண்டு.

உகந்தையால காட்டுப்பாதையில கதிர்காமம் நடக்கிற பொடியனுகள் ஒவ்வொரு வருசமும் போக முதல் வந்து எந்தக் கத்தி வாங்குற எண்டு கேக்கிறாங்க. குமணக் காட்டுக்குள்ள பெரிய கத்தி தேவையில்ல, பாண் வெட்ட, கயிறு அறுக்க, காலுல ஏறின முள்ளு எடுக்கத்தான். அந்தப் பயணத்துக்குச் சிவப்புக் கத்தியில முள்ளு எடுக்கிற சின்ன இடுக்கி இரிக்கிற மாதிரிப் பாத்து எடுங்க, பெரிய அலகு வச்ச பளபளாக் கத்தியவிட அந்த இடுக்கிதான் அங்க கூடப் பிரயோசனம். அந்த இடுக்கி கழண்டு விழக்கூடியது, தொலைஞ்சா தனியா வாங்கலாம், ஆனா மட்டக்களப்பு டவுனுக்குள்ள நான் தேடின கடையள்ல கிடைக்கல்ல. கல்முனையிலயோ அக்கரைப்பற்றிலயோ ஒரிஜினல் இடுக்கி ஆராவது கண்டா எந்தக் கடையெண்டு எழுதுங்க, எனக்கு ஒண்டில்ல, ரெண்டு மூண்டு பேருக்கு வேணும்.