பெற்றோருக்கு ஒரு செடான்: சென்னையில் 26 நாள்

கடந்த டிசம்பரில் லண்டனிலிருந்து ஊருக்கு வந்தபோது என் முன் இருந்த வேலை ஒன்றுதான். அசோக் நகரில் தனியாக வசிக்கும் அப்பா, அம்மாவுக்கு நல்ல செடான் (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்) ஒன்றை வாங்கி, பெயர் மாற்றம், காப்பீடு எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு 74 வயது. பழைய சிறிய காரை முந்தைய ஆண்டே விற்றுவிட்டார். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை போய்வர வாடகைக் காரை அழைத்தால், வருகிறேன் என்று சொன்ன ஓட்டுநர் பத்து நிமிடம் கழித்து ரத்து செய்துவிடுவதும், வாக்கரை மடித்து வைக்க டிக்கியில் இடம் இல்லாமல் போவதும் வழக்கமாகிவிட்டது.

உறவினர்கள் எல்லோரும் உயரமான எஸ்யுவி வாங்கச் சொன்னார்கள். நான் அம்மாவையே கூட்டிக்கொண்டு மூன்று ஷோரூம்களுக்குப் போனேன். அவர் ஏறுவதைவிட இறங்குவதைத்தான் கூர்ந்து பார்த்தேன். எஸ்யுவியில் ஏறும்போது ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, மேலே இருந்த கைப்பிடியைப் பற்றி உடம்பை முழுவதும் இழுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தில் முழு எடையும் அறுவை செய்த முழங்காலில் இறங்கியது. செடானில் முதலில் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ள முடிந்தது. ஆனால் எல்லா செடானும் ஒன்றல்ல. ஒன்றில் இருக்கை தரையோடு தரையாக இருந்ததால் எழ முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னொன்றில் கூரை பின்னோக்கிச் சரிந்து வந்ததால் தலையைக் குனிந்து வெளியே வர வேண்டியிருந்தது. ஹோண்டா சிட்டியில் மட்டும் யார் கையையும் தேடாமல் இறங்கினார். "இதுல எனக்குப் பயமா இல்லப்பா" என்று அவர் சொன்னதற்குமேல் அந்த ஒப்பீட்டில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பிரிவில் இன்று புதிதாகக் கிடைப்பவை நான்குதான்: சிட்டி, ஹூண்டாய் வெர்னா, வோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா. மாருதி சியாஸ் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கார் சந்தையில் நிறையவே கிடைக்கிறது. விபத்துப் பாதுகாப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு விர்ட்டஸும் ஸ்லாவியாவும் 2023 ஏப்ரலிலும், வெர்னா அதே ஆண்டு அக்டோபரிலும் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றிருப்பது பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகும் குடும்பமாக இருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருப்பேன். எங்கள் தேவை வேறு: ஊருக்குள் ஓட்டம், ஆட்டோமேட்டிக் கியர், வாக்கரும் இரண்டு பெட்டிகளும் கொள்ளும் டிக்கி. சிட்டியின் டிக்கி 506 லிட்டர், சியாஸுடையது 510 லிட்டர், வெர்னாவுடையது 528 லிட்டர். கொள்ளளவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் மடித்த வாக்கரையே கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம்.

புதிய காரா, பழைய காரா என்ற கேள்வியை வரிதான் முடித்துவைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த செடான்களுக்கு அது 40 சதவீதம். அதன்மேல் தமிழ்நாட்டின் ஆயுள்கால வரி, 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம். 13 லட்ச ரூபாய்க் காருக்குச் சாலை வரியே 2,34,000 ரூபாய் ஆகிறது. தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய காரை வாங்கினால் ஆயுள்கால வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு வீட்டுக்கு இந்தத் தொகையைக் கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

பழைய கார் என்று முடிவானதும் தென்சென்னையில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். குளிர்சாதன அறை, காபி, நல்ல பேச்சு எல்லாம் இருந்தன. நான்கு வயதான வெள்ளை செடான் ஒன்றைக் காட்டி, எல்லாப் பகுதியும் சரியாக இருப்பதாகச் சோதனை அறிக்கையையும் கையில் கொடுத்தார்கள். இன்னொருவர் மாலையில் பார்க்க வருகிறார் என்று அவசரப்படுத்தியதால் 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன். கார் பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்கியது அப்பா.

மறுநாள் காலையில் கே.கே. நகர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனோம். அப்பாவின் பழைய காரைப் பதினாறு ஆண்டுகள் பார்த்தவர் அவர். பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகப் பின்கதவைத் திறந்து இருக்கைப் பட்டையைப் பிடித்து மெதுவாக இழுக்கத் தொடங்கினார். நாம் உட்கார்ந்து மாட்டும் அளவுக்கு மேலும் இழுத்து, சுருளில் கடைசிவரை இருந்ததை வெளியே கொண்டுவந்தார். அந்தக் கடைசி இரண்டு சாண் நீளத்தில், பட்டையின் குறுக்கே செம்பழுப்பு நிறத்தில் ஒரு கறைக்கோடு இருந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல மண் உதிர்ந்தது. "சார், மேட்டை மாத்திடுவாங்க, சீட் கவரை மாத்திடுவாங்க, பெல்ட்டை யாரும் முழுசா இழுத்துக் கழுவ மாட்டாங்க" என்றார். பிறகு ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் இருந்த விரிப்பை நீக்கியதும் பள்ளத்தின் மூலையில் அதே மண் படிந்திருந்தது. முன்னிருக்கையைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. நான்கு வயதான காரில், கூரைக்குக் கீழே இருக்கும் இரும்பு அப்படித் துருப்பிடிக்க, கார் வெள்ளத்தில் நின்றதைத் தவிர வேறு காரணம் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துச் செல்லப்பட்ட காட்சியையும் மறந்தவர்கள் சென்னையில் இருக்க முடியாது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிடும் ஊர் இது. அந்த மழையில் முழுகிய கார்கள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடுவதில்லை. கழுவிக் காயவைத்து மெருகேற்றப்பட்டு மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. வெள்ளநீர் இன்ஜினுக்குள் போயிருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால், நீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். இன்ஜின் தப்பித்தாலும், வயர் இணைப்புகளிலும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் ஊறிய ஈரம் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். அம்மா உட்காரப் போகும் காரில் ஏர்பேக் விரியுமா என்ற சந்தேகம் இருக்கக் கூடாது. கிலோமீட்டர் கணக்கைவிட, சென்னையில் ஒரு காரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அது எத்தனை மழையில் எங்கே நின்றது என்பதைத்தான்.

கறையைக் காட்டியபோது ஷோரூமில் இருந்த இளைஞர், கார் கழுவும்போது பட்டது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் அந்த அறிக்கையை நம்பித்தான் பேசினார் என்று தோன்றியது. அறிக்கையைத் தயாரித்தவர்கள் பட்டையை இழுத்துப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததை எழுதவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அது பெரிய தவறு. டோக்கன் பணம் திரும்பி வர 19 நாளும் பதினொரு தொலைபேசி அழைப்புகளும் ஆயின.

இங்கிலாந்தில் மூன்று வயதான கார் ஒவ்வோர் ஆண்டும் எம்ஓடி என்ற கட்டாயத் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும்; வண்டி எண்ணைத் தட்டினால் ஒவ்வொரு சோதனையிலும் பதிவான ஓட்ட தூரத்தை அரசின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் அதற்கு நிகரானது நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் இருக்கும் பதிவுதான். அதைப் பெற உரிமையாளர் உடன் வர வேண்டும். வரத் தயங்குகிற உரிமையாளரின் காரை அதற்குமேல் பார்க்க வேண்டாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இரண்டு கார்களை அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டோம்.

மூன்றாவது, குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருந்த 2021ஆம் ஆண்டு சிட்டி. சிவிடி ஆட்டோமேட்டிக், ஒரே உரிமையாளர். கேட்டவுடன் அவரே எங்களோடு சர்வீஸ் மையத்துக்கு வந்தார். அங்கிருந்த பெண் ஊழியர் ஒவ்வொரு சர்வீஸையும் தேதி, கிலோமீட்டருடன் அச்சிட்டுக் கொடுத்து, 2022இல் முன்பம்பர் காப்பீட்டில் மாற்றப்பட்டதைக் கேட்காமலேயே சுட்டிக்காட்டினார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளில் இதையே முதலில் வைப்பேன். மீட்டரில் 31,400 கிலோமீட்டர்; பதிவுகளும் அதற்குப் பொருந்தி ஏறிக்கொண்டே வந்தன.

மெக்கானிக் பெயிண்ட் தடிமன் காட்டும் சிறு கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் 100 முதல் 120 மைக்ரான் காட்டியது, இடது பின்கதவில் மட்டும் 310 காட்டியது. உரிமையாளர் தயங்காமல், ஆட்டோ உரசியதால் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்ததாகச் சொன்னார். டயர்களில் 1421 என்ற எண் இருந்தது. 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானவை என்று பொருள். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு நான்கரை வயது தாண்டிவிட்டதால் நான்கையும் மாற்ற 26,000 ரூபாயை விலையில் கழிக்கக் கேட்டோம், 20,000 குறைத்தார். ஓட்டிப் பார்க்கும்போது நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்துகொண்டோம். காலியான கார் வேகத்தடையில் தட்டாது. முழு எடையோடு குரோம்பேட்டையின் உள்தெருக்களில் போனால்தான் அடித்தட்டு உரசுமா என்று தெரியும். ஒரே ஒரு தடையில் உரசியது, அதுவும் வீட்டுக்காரர் தானே சிமென்ட் போட்டுக் கட்டிய தடை. நண்பகல் வெயிலில் இன்ஜின் ஓடும்படியே காரை நிறுத்திவைத்து, பின்னிருக்கை ஏசி பத்து நிமிடத்துக்குப் பிறகும் குளிராக வருகிறதா என்று அம்மாவே பார்த்துச் சொன்னார்.

விலை 9,35,000 ரூபாய்க்கு முடிந்தது. வேலை அதன்பிறகுதான் நீண்டது. ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) வங்கிக் கடன் குறிப்பு இன்னும் இருந்தது. கடனை அவர் 2024லேயே அடைத்துவிட்டார். ஆனால் வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35ஐக் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்கவில்லை. அது நீங்காமல் பெயர் மாறாது. இதைப் பேரம் பேசும் முன்பே வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். அப்படிப் பார்க்காதது என் தவறு. வங்கிக் கடிதத்துக்கு அவர் மூன்று முறை போய்வந்தார். அதன்பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30, காப்பீடு, புகைச் சான்று, இருவரின் அடையாளச் சான்றுகள் எல்லாவற்றையும் கே.கே. நகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தோம். முகவர் யாரும் இல்லாமல் போனோம்; ஒரு கையொப்பம் விடுபட்டதற்காக ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவுக்கு உட்கார நாற்காலி கொடுத்த காவலரை நினைவில் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் காரைத் தங்கள் பெயரில் வாங்கத் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே இருப்பவர் பெயரில் வாங்குவதே நல்லது. காப்பீட்டுக் கோரிக்கைக்கோ, பிறகு விற்பதற்கோ கையொப்பம் போட ஊரில் ஆள் வேண்டும். இன்னொரு நன்மையும் கிடைத்தது. காப்பீட்டில் கோரிக்கை இல்லாததற்கான தள்ளுபடி காரோடு போவதில்லை, உரிமையாளரோடு போகிறது. அப்பா பழைய காரை விற்றபோது வாங்கிவைத்த சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், அவருடைய 50 சதவீதத் தள்ளுபடியைப் புதிய பாலிசியில் நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில் பயன்படுத்த முடிந்தது. அந்தத் தாளை அவர் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

வாரம் இரண்டு நாள் வரும் ஆக்டிங் டிரைவரை மெக்கானிக்கே சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முந்தைய நாள் பிசியோதெரபிக்கு அம்மாவோடு நானும் போனேன். அவர் உட்கார்ந்து, கால்களைத் திருப்பி உள்ளே வைத்து, டிரைவர் வாக்கரை டிக்கியில் வைத்து மூடும்வரை மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் லண்டன் திரும்பிய ஆறாம் நாள் ஆர்.சி. அட்டை விரைவு அஞ்சலில் வந்தது. அப்பா அதன் இரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெயர் இருந்த வரியில் அவர் பெயர் இருந்தது. வங்கியின் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.