அகமது வால்வா, பேர்வெல்ட் குழாயா? அம்மாவின் கண்ணுக்காக நாங்கள் எடுத்த முடிவு

கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைக்க அம்மாவுக்கு அகமது வால்வைத் தேர்ந்தவன் என்பதால், அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன். நீரிழிவினால் கண்ணுக்குள் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்து, உள்நீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்ட குளுக்கோமா (அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய்) அவருடையது.

இரண்டு கருவிகளும் உள்நீரை மெல்லிய குழாய் வழியாக வெளியேற்றி, வெண்விழியின் மேல் தைத்த தகட்டைச் சுற்றிச் சேர்க்கின்றன. அகமது தகட்டின் பரப்பு 184 சதுர மில்லிமீட்டர், அழுத்தம் மிகத் தாழாமல் தடுக்கும் வால்வு உண்டு. பேர்வெல்ட் 350, வால்வு இல்லை. மதுரை ஆரோலேப் குறைந்த விலையில் தயாரிப்பதும் இந்த இரண்டாம் வகைதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது முதல் ஆறு வாரங்களைப் பற்றிய கவலை. வால்வு இல்லாத குழாயை உடனே திறந்துவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும் என்பதால், தகட்டைச் சுற்றித் திசு உறை வளரும்வரை அதைக் கரையும் நூலால் கட்டிவைக்கிறார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதுவரை பழைய மருந்துகளே துணை. குழாயில் சிறு கீறலிட்டுச் சிறிது வடியவிடுவதும் உண்டு, ஆனால் எவ்வளவு வடியும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மூன்று சொட்டு மருந்துகளுக்கும் மாத்திரைக்கும் பிறகு 42 மி.மீ. பாதரச அளவில் நின்ற அழுத்தத்தை அம்மாவின் பார்வை நரம்பு அத்தனை நாள் தாங்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. நூல் விடுபடும்போது அழுத்தம் திடீரென வீழ்ந்தால், பினாங்குத் தீவின் பாலிக் புலாவிலிருந்து மலைப்பாதை வளைவுகளைக் கடந்து ஜார்ஜ்டவுனுக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும். அகமது பொருத்திய மறுநாள் அழுத்தம் 11.

நீண்டகாலக் கணக்கு பேர்வெல்ட்டுக்கே சாதகம் என்பதை மறைக்கக் கூடாது. 514 நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்த இரு ஆய்வுகளின் கூட்டு முடிவில், சராசரி அழுத்தம் அகமதுக்கு 15.8, பேர்வெல்ட்டுக்கு 13.2, தோல்வி 49 விழுக்காடும் 37 விழுக்காடும். அழுத்தம் மிகத் தாழ்ந்ததால் நேர்ந்த தோல்வி மட்டும் பேர்வெல்ட்டில் 4.5 விழுக்காடு, அகமதில் 0.4. அம்மாவுடையதைப் போன்ற குளுக்கோமாவில் எந்தக் கருவிக்கும் தோல்வி வாய்ப்பு கூடுதல்.

அகமதில் கூடுதலாகக் காணப்படும் இடையூறும் வந்தது: இரண்டாம் மாதத்தில் அழுத்தம் 27க்கு ஏற, சொட்டு மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். இப்போது இரண்டு மருந்துகளுடன் 16. இது பதினான்கு மாத அனுபவம் மட்டுமே. அவருடைய மற்றொரு கண்ணுக்கும் அறுவை தேவைப்பட்டு, அழுத்தம் காத்திருக்க இடம் தருமானால், பேர்வெல்ட்டைப் பற்றியே மருத்துவரிடம் முதலில் கேட்பேன்.