தாய் சேய் அட்டை: பிறந்த பின் தெளிவு, பிறக்கும் முன் போதாமை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிக் கையில் தரும் தாய் சேய் அட்டையைப் பலர் தடுப்பூசித் தேதிகளைக் குறித்துக்கொள்ளும் தாளாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். என் மகளைச் சுமந்த மாதங்கள் முதல் அவள் நடை பழகிய காலம் வரை அதைப் பயன்படுத்தியவள் என்ற முறையில், ஒரு குழந்தை வளரும் விதத்தைப் பற்றி ஒரு சாதாரணக் குடும்பத்துக்குச் செலவில்லாமல் கிடைக்கும் மிக நல்ல வழிகாட்டி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். அதே உறுதியோடு, கர்ப்ப காலத்துக்கான அதன் முற்பாதி, பிறந்த குழந்தைக்கான பிற்பாதியின் தரத்தில் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

அட்டையின் உயிர் வளர்ச்சி வரைபடத்தில் இருக்கிறது. கிடைக்கோட்டில் வயது, செங்குத்துக் கோட்டில் எடை. பச்சை (சரியான எடை), மஞ்சள் (குறைவு), ஆரஞ்சு (மிகக் குறைவு) என்று மூன்று பட்டைகள். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனி வரைபடம். இந்தக் கோடுகளுக்கு அடிப்படை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீடுகள். அதற்கு முன் உலகெங்கும் பரவலாகப் புழங்கிய அளவுகோல், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்து அமைந்தது. புதியதற்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் அளந்த இடம் தெற்கு டெல்லி. போதிய உணவும் சுகாதாரமும் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே போக்கில்தான் வளர்கிறது என்பது அந்த ஆய்வில் தெரியவந்தது. "நம்ம ஊர்க் குழந்தைகள் இப்படித்தான் ஒல்லியாக இருக்கும்" என்ற சமாதானத்துக்கு அதன் பிறகு இடமில்லை.

வரைபடத்தை நிறத்தை வைத்து மட்டும் படிக்கக் கூடாது என்பதை எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கற்றேன். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கிய பின், மகளின் புள்ளிகள் பச்சைப் பட்டைக்குள்ளேயே இருந்தன. ஆனால் அவற்றை இணைத்த கோடு மேலேறாமல் கிடையாக ஓடியது. அவர் பேனா முனையை அந்த இடத்தில் வைத்து, "பச்சையிலதான் இருக்கும்மா, ஆனா கோடு படுத்துடுச்சு பாருங்க" என்றார். நீர்க்கக் கரைத்த கஞ்சியை நிறுத்திவிட்டு, குழைத்த பருப்புச் சோற்றில் நெய்யும் பிறகு முட்டையும் சேர்க்கச் சொன்னார். மருந்து எதுவும் இல்லாமலே கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. ஒரு வயதுப் பெண் குழந்தையின் இடைநிலை எடை 8.9 கிலோ, ஆண் குழந்தைக்கு 9.6 கிலோ என்ற எண்களைவிட, சொந்தக் குழந்தையின் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியமானது.

வளர்ச்சிப் படிநிலைகளைப் படங்களோடு தந்திருப்பதும் பாராட்டத்தக்கது. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்வார். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் தலை தூக்கி அசையும் செங்கீரையாடுதலை ஐந்தாம் மாதத்திலும், கைதட்டும் சப்பாணி கொட்டுதலை ஒன்பதிலும், தளர்நடையிட்டு வரும் வருகையைப் பதின்மூன்றிலும் வைத்த வழக்கத்தை நினைத்தால், குழந்தையை மாதக் கணக்கில் உற்றுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் எங்களுக்குக் கிடைத்த அட்டை ஒவ்வொரு திறனுக்கும் ஒரே ஒரு மாதத்தைக் குறிப்பதால் பல தாய்மார்கள் வீணாகக் கலங்குகிறார்கள். துணையின்றி நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம் என்பதும், சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடும் என்பதும் மேற்சொன்ன அதே ஆய்வில் பதிவானவை. ஒற்றை மாதத்துக்குப் பதிலாக ஒரு சிறு பட்டையை வரைந்திருந்தால் போதும்.

பாலூட்டும் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று அச்சிட்ட வரிகளைக் காட்டித்தான், சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்த உறவினர்களை எங்கள் வீட்டில் மரியாதையாகத் தடுக்க முடிந்தது.

முற்பாதிக்கு வருவோம். அதில் தாயின் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு, அவை வேண்டியவையே. வயிற்றில் வளரும் உயிரோ கருப்பை உயரம், சிசுவின் இதயத் துடிப்பு என்று சில எண்களாக மட்டும் தலைகாட்டுகிறது. இருபது வார அளவில் அசைவு தெரியத் தொடங்கும் என்பதையும், நுரையீரல் காற்றை ஏற்க ஆயத்தமாவது பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் என்பதையும் ஒரு பக்கப் படத்தில் காட்டியிருந்தால், குறைமாதப் பிரசவத்துக்கு மருத்துவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் விளங்கியிருக்கும். வாரக் கணக்குக்கும் விளக்கமில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அட்டையில் பன்னிரண்டு வாரம் என்று எழுதும்போது கருவின் உண்மையான வயது ஏறத்தாழ பத்து வாரமே. இது தெரியாமல் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துக் குழம்பியவர்களை நான் அறிவேன்.

இவற்றைவிடப் பெரிய குறை, அட்டை கைக்கு வரும் காலம். கருவுற்ற 22ஆம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகவேண்டிய நரம்புக் குழாய் 28ஆம் நாள் அளவில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் ஏறத்தாழ இரண்டு வாரமே ஆன நிலை அது. கருவுற்றதே தெரியாத பெண்கள் பலர். அந்தக் குழாய் சரியாக மூடத் துணைபுரியும் போலிக் அமிலத்தைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் தொடங்க வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள்; ஒழுங்காக அதைக் கடைப்பிடித்துப் பத்தாவது வாரத்தில் போகிறவளுக்கும் அந்த மாத்திரை இந்த வகையில் தாமதமாகத்தான் கிடைக்கும். இதைத் திருத்த அட்டையை மாற்றினால் போதாது. திருமணப் பதிவின்போதே இரண்டு பக்கத் துண்டு ஒன்றைத் தம்பதியர் கையில் கொடுக்க வேண்டும்.

புதிதாக அட்டை வாங்கியவர்களுக்குச் சில சொற்கள். எடை பார்த்துவிட்டு எண்ணை மட்டும் எழுதித் தரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வரைபடத்தில் புள்ளியும் வைத்துத் தரும்படி தயங்காமல் கேளுங்கள். மெல்லிய தாள் என்பதால் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்ட திருத்திய வயதில்தான் இரண்டு வயது வரை எடையையும் திறன்களையும் ஒப்பிட வேண்டும். இந்தக் குறிப்பு எங்கள் அட்டையில் எங்கும் இல்லாததால், திருத்திய வயதை மருத்துவரிடம் கேட்டு முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.