ஜன்னல் கொசுவலை கழுவ ஆள் வைக்கலாமா? சில வருட அனுபவம்

சென்னை ஓஎம்ஆரில் துரைப்பாக்கம் பக்கம் ஐந்தாவது மாடி. எதிரே மெட்ரோ வேலை, கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். எங்கள் ஜன்னல் வலைகளில் படிவதை வெறும் தூசி என்று சொல்ல முடியாது. சிமென்ட் மாவும் உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்து அப்பிக்கொள்கிறது. டெங்கு கொசு பகலில் கடிக்கிறது என்பதால் வலையை நாள் முழுக்க மூடித்தான் வைக்கிறோம். கண்ணி அடைத்துவிட்டால் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் அறை புழுங்குகிறது. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் கூப்பிட்டுக் கழுவிக்கொண்டு வருகிறேன்.

டீப் கிளீனிங் பேக்கேஜில் 'ஜன்னல்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் கண்ணாடியும் கிரில்லும்தான் அதில் வரும். வலையைக் கேட்டால் வேக்குவத்தை ஒரு இழுப்பு இழுத்து, ஈரத்துணியால் தேய்த்துவிட்டுப் போவார்கள். மேலே இருந்த அழுக்கு கரைந்து கண்ணிக்குள் இறங்கிவிடும், பார்வைக்கு மட்டும் பளிச். ஆகவே போனில் நான் கேட்பது ஒரே கேள்வி: "கழட்டிக் கழுவுவீங்களா, மாட்டினபடியே துடைப்பீங்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த நம்பர்.

ஆனால் உங்கள் வீட்டில் கழற்ற முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு இரண்டு, வலைக்கு ஒன்று என மூன்று டிராக் உள்ள யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னலில் வலைச் சட்டத்தை மேலே தூக்கி, கீழ் ரோலர் டிராக்கை விட்டு எழும்பியதும் அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தால் வந்துவிடும். கிரில் உள்பக்கம் இருந்தால் இந்த வித்தை நடக்காது. வெளியே தொங்கித் துடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். வலைக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைப்பதா?

இப்போது எங்களுக்கு வாடிக்கையாக வரும் தம்பி வேலையைத் தெரிந்து செய்கிறான். சட்டங்களில் மார்க்கரால் எண் போட்டுக் கழற்றுவான், ஒரு ஜன்னலின் வலை இன்னொன்றில் சிக்காமல் இருக்க. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூசியை உதிர்த்துவிட்டுத்தான் தண்ணீர். பிறகு ஷாம்பூ கலந்த தண்ணீர், மெத்தென்ற பிரஷ், குறைந்த வேகத்தில் ஷவர். வலை நிழலில் காயும் நேரத்தில் டிராக்குக்குப் போவான். பழைய டூத் பிரஷ்ஷால் மூலைகளைச் சுரண்டி, தண்ணீர் வடியும் சின்னத் துளைகளைக் குத்தி எடுப்பான். கொடுக்கும் காசுக்கு மதிப்பு இங்கேதான். அந்தத் துளைகள் அடைத்திருந்தால் ஐப்பசி மழையில் டிராக் நிரம்பித் தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிடும். செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, போகிப் புகை அடங்கியதும் ஒரு தடவை என்று நான் வைத்துக்கொண்டது இதனால்தான்.

இவனுக்கு முன்னால் ஒரு கம்பெனி ஆட்கள் பிரஷர் வாஷருடன் வந்தார்கள். "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும் அக்கா" என்றார்கள், சொன்னபடியே முடித்தார்கள். வலையைச் சட்டத்தில் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பீடிங் பள்ளத்தை விட்டு எழும்பி, வலை தொட்டில் துணியாகத் தொய்ந்து, மூலையில் கொசுவுக்கு வாசலும் திறந்தாயிற்று. சமையலறை ஸ்டீல் வலைக்கு பாத்ரூம் ஆசிட்டை எடுத்தபோதுதான் தடுத்தேன். அந்த ஆசிட் ஸ்டீலையும் அரிக்கும், அலுமினியச் சட்டத்தையும் விடாது. எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும், அவசரப்படுகிறவர்களால் முடியாத வேலை அது. ஃபைபர் வலையில் பிவிசி பூச்சு இருப்பதால் கொதிக்கும் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

வெல்க்ரோ வலை போட்டவர்கள் ஆளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. மெதுவாகப் பிரித்து, பக்கெட்டில் அலசி, பிழியாமல் உலர்த்தி ஒட்டிவிடலாம். வேகமாகப் பிடுங்கினால் சட்டத்தில் ஒட்டிய பட்டையும் கூடவே வரும், வெளியாட்கள் பிடுங்கத்தான் செய்வார்கள். விசிறிபோல் மடிந்து விரியும் மடிப்பு வலையை யார் கையிலும் கொடுக்காதீர்கள். உள்ளே நூல் ஓடுகிறது, அது அறுந்தால் மடிப்பு ஒழுங்காக நிற்காது. காய்ந்த பிரஷ்ஷே போதும்.

கட்டணம் ஜன்னல் கணக்கில் மலிவாகத் தெரிந்தாலும் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்திருப்பார்கள், முதலிலேயே கேளுங்கள். நான்கு ஜன்னல் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. பக்கத்து ஃப்ளாட்டோடு சேர்ந்து கூப்பிடுகிறோம் நாங்கள். எல்லாவற்றையும் மாட்டி, ஒவ்வொரு வலையும் தடையில்லாமல் ஓடுகிறதா என்று தள்ளிப் பார்த்த பிறகே பணம்.

மேற்குப் பக்கத்து ஃபைபர் வலை வெயிலில் நைந்து, பிரஷ் பட்டாலே இழை பிரிகிறது. இனி அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றச் சொல்லிவிட்டான் தம்பி. ஸ்டீல் போடுவதென்று முடிவாகிவிட்டது. கடல் காற்றுக்கு 304 தர ஸ்டீல் தாங்காமல் பழுப்புக் கறை விடும் என்பதால் 316 தரத்துக்குக் கடைகளில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.