ஐம்பதைக் கடந்து வளைகுடா வேலைக்குப் புறப்படுவோர் கவனத்திற்கு: கடலூரில் எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்தது

பணி ஓய்வு பெற்று, பி.எப். பணமும் பணிக்கொடையும் கைக்கு வந்திருக்கும் நேரத்தில் வெளிநாட்டு வேலை என்று யாராவது உங்களை அணுகினால், பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைத் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

என் அக்காள் கணவர் கடலூர் சிப்காட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். இளைய மகளின் திருமணம் பாக்கி இருந்தது, பி.எப். சார்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் (இ.பி.எஸ்.) வரும் ஓய்வூதியத்தில் மருந்துச் செலவுக்கே தட்டுப்பாடு. இத்திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாயாகவே நிற்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த வயதிலும் ஒருவர் ஏன் விமானம் ஏற நினைக்கிறார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடலூர் பேருந்து நிலையத்திற்கு அருகே, மாடி அறை ஒன்றில் இருந்த ஏஜெண்ட், ஷார்ஜாவில் பாய்லர் வேலை, 2,500 திர்ஹாம் சம்பளம், தங்குமிடம் இலவசம் என்று உறுதி கூறினார். வயதைப் பற்றிக் கேட்டபோது, "ஐயா, அம்பது தாண்டிட்டா உங்களுக்கு கிளியரன்ஸே வேணாம். சின்னப் பசங்களுக்குத்தான் அந்தத் தொந்தரவு" என்றார். 1,40,000 ரூபாயை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, பாய்லர் சான்றிதழின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்களை நம்ப வைத்ததும் அந்தப் பாதிதான். பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். ஏஜெண்ட் சொன்ன 'கிளியரன்ஸ்' இதுதான். அங்கே வேலை ஒப்பந்தம் பார்க்கப்படுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கான காப்பீடும் கட்டாயமாகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. எட்டாம் வகுப்பு மட்டுமே படித்த எங்கள் மாமாவின் ஒப்பந்தத்தை, வயது என்ற ஒரே காரணத்தால், எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. ஆனால் இந்த விலக்கு தொழிலாளிக்கு மட்டுமே உரியது, ஏஜெண்டுக்கு அல்ல. யாரை அனுப்பினாலும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு எண் செல்லுபடியாகிறதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

பயணத்திற்கு முந்தைய மாலை வாட்ஸ்அப்பில் வந்த விசா, 60 நாள் விசிட் விசா. அங்கே போனதும் கம்பெனி மாற்றித் தரும் என்றார்கள். ஷார்ஜாவில் கொடுத்த அறையில் அடுக்குக் கட்டில்களின் மேல்தட்டு மட்டுமே காலியாக இருந்ததால், முழங்கால் வலியோடு ஏற முடியாத அவர், இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். வேலை பாய்லரில் அல்ல, குடோனில் மூட்டை ஏற்றுவது. கொண்டுபோன இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தபின் வாங்கக் கையில் பணமில்லை. கடைசியில் இந்த வயதுக்கு விசா எடுக்க முடியாது என்று கைவிரித்தார்கள். விசா முடிந்தபின் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் வீதம் ஏறிய அபராதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் அக்காளின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம்.

முறையான வேலையாக இருந்தால், அமீரகத்தின் தொழிலாளர் அமைச்சகம் வழியாக வேலைக் கடிதம் முன்கூட்டியே வந்திருக்கும். அதைத் தமிழிலும் பெறலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. வயது ஒரு பொருட்டல்ல என்ற பேச்சையும் நம்பாதீர்கள். குவைத்தில் 60 வயதைக் கடந்த, பட்டப்படிப்பு இல்லாத வெளிநாட்டவரின் பணி அனுமதியைப் புதுப்பிப்பதற்கு 2021 முதல் சில ஆண்டுகள் கடும் கட்டுப்பாடு இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வேலை தருவதாகத் தாம் சொல்லவே இல்லை என்று அந்த ஏஜெண்ட் சாதித்தார். எங்களுக்குக் கொடுத்திருந்த ரசீதில் "பயண ஏற்பாட்டுக் கட்டணம்" என்றுதான் எழுதியிருந்தது. உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படித் தாள் தயாரித்துப் பறிப்பவர்களை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது. காவல்துறையில் புகார் கொடுத்துள்ளோம். அசல் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த ஏஜெண்டின் மாடி அறையில் புதுச்சேரி, பண்ருட்டிப் பக்கத்தவர்களும் பணம் கட்டியிருப்பதாகத் தெரிகிறது. அவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்து, தங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் எழுத்து மூலமாகப் புகார் அளிக்க வேண்டுகிறேன். வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா உதவி எண் 1800 11 3090.