பழைய டூ ஸ்ட்ரோக்கைச் சரிசெய்வதா, ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதா?

மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது, சத்தமும் வருகிறது, படகு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. மேட்டூர் அணையின் பின்நீரில், ஒட்டனூர், நாகமரை பக்கம், பழைய 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே பக்கத்தில் இருப்பவர், "தூக்கிப் போட்டுட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கிடுப்பா" என்பார். எங்கள் மோட்டாரின் இழுவை குறைந்தபோது நானும் இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, பழையதையே சரிசெய்து வைத்துக்கொண்டேன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கின் நன்மைகள் தெரிந்தவைதான். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், ஆயில் கலக்க வேண்டாம், புகை இல்லை, மெதுவாகப் போகும்போது திணறாது. விற்கும்போதும் நல்ல விலை போகும். சரி, அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கெட்டுப்போனால் யார் கை வைப்பார்கள்? என் முடிவு நின்றது இந்த ஒரு கேள்வியில்தான். பென்னாகரத்திலும் தருமபுரியிலும் யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக் காலத்து மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வண்டியின் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அவர்கள் கை மறக்கவில்லை. ப்ளக், கார்புரேட்டர், ரீட் வால்வு, பிஸ்டன் ரிங் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவுட்போர்டைப் பார்த்திராதவர்கூடத் தலைப்பகுதியைத் திறந்ததும் "இது நம்ம எஞ்சின்தான்" என்றுவிடுவார். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இடைவெளி, டைமிங் பெல்ட் என்று வந்துவிட்டால், எனக்குத் தெரிந்து கடலோர ஊர் மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும். அதுவரை படகு கரையில் கிடக்கும்.

அதோடு, இழுவை குறைந்தால் எஞ்சினே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து பெட்ரோல் குழாயில் இருக்கும் கைப் பம்பு. ஓடும்போது அது சப்பையாக உறிஞ்சப்பட்டால், டேங்கிலிருந்து அந்தக் கைப் பம்பு வரைக்குள் எங்கோ அடைப்பு. நீங்கள் அமுக்க அமுக்க வேகம் கூடினால், எஞ்சினில் உள்ள ஃபியூவல் பம்பின் டயாஃப்ராம் (உள்ளே இருக்கும் சவ்வு) ஓய்ந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று இழுக்கலாம். சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் வேகம் எடுத்தால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அழுக்கு இருக்கும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தானே கிடைக்கிறது? பழைய ரப்பர் குழாயை அது உள்ளே இளக்கி, கறுப்புப் பிசிறாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். க்ளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

இரண்டு சிலிண்டர் மோட்டார் ஒன்றில் மட்டும் ஓடுவதும் உண்டு. மோட்டாரை நிறுத்தி, ஒரு ப்ளக்கின் கேப்பைக் கழற்றி, அதன் முனை எர்த் ஆகும்படி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அடுத்ததைப் பாருங்கள். எந்தக் கேப்பைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

எஞ்சின் ரேஸ் ஆகி அலறுகிறது, படகு மட்டும் போகவில்லை என்றால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம், தண்ணீரைத் தள்ளும் விசிறியை (புரொப்பெல்லரை) பாருங்கள். விசிறிக்கு நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கும். உள் வளையத்திலிருந்து விசிறி வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, முழு வேகத்தில் கொஞ்ச தூரம் போய்வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் போய்விட்டது. விசிறியைக் கழற்றியதோடு, தண்டில் வலை நைலான் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆயில் சீலை அறுத்து கியர் ஆயிலில் தண்ணீரை விட்டுவிடும். பின்நீரில் வலைக்குப் பஞ்சமா?

இன்னொன்று எடை. ஒரே திறனுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பத்துப் பதினைந்து கிலோ கூடுதல். அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது இது பொருட்டில்லை. பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி சிலை தலைகாட்டும் கோடையில், கரை எங்கோ போய்விடும். வெடித்த சேற்று நிலத்தில் மோட்டாரைத் தோளில் சுமந்து ஏறுகிறவருக்கு அந்தப் பத்துக் கிலோ தெரியும். அதை மண்ணில் சாய்த்து வைக்கவும் பக்கம் பார்க்க வேண்டும். தவறான பக்கம் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை, உறவினருடையதை அவ்வப்போது ஓட்டியதோடு சரி. அதனால் பல வருடம் உழைத்தபின் அது எப்படி இருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஆள் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓட்டுபவருக்கு, மிச்சமாகும் பெட்ரோலே கடனை அடைத்துவிடலாம். அவர் கணக்கு வேறு.

மற்றவர்கள் புது மோட்டாருக்கு முன்பணம் கட்டுமுன் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால், பத்து சதவீதத்துக்குள் என்று வையுங்கள், சரிசெய்து ஓட்டலாம். ஒன்று ரொம்பக் கீழே இறங்கி, சிலிண்டரின் உட்சுவரில் கீறலும் விழுந்திருந்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். அப்போது ஃபோர் ஸ்ட்ரோக்கே வாங்குங்கள், நானும் கூட வந்து தூக்கிவிடுகிறேன்.